நிற்காத கம்பி

ஊரின் பெயர் காலி. கொலம்பியாவில் இருக்கிறது.
ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.
எங்கள் மருத்துவமனை வாசலிலேயே
விடியற்காலை ஆறு மணிக்கு
உப்பும் எலுமிச்சையும் பிசறிய மாங்காய் விற்கிறார்கள்,
வெறும் வயிற்றோடு வரச்சொன்ன நோயாளிகளின்
மூக்குக்கு நேராக.

யமிலெத் குவால்டெரோ, நாற்பத்தாறு வயது,
பேருந்து ஓட்டுகிறாள்.
இரண்டு பிரசவம், புகைப் பழக்கம் இல்லை,
ரத்தம் சரி, எடையும் பரவாயில்லை.
“இடுப்பு மட்டும்தான்” என்றாள்.
“ஸ்டியரிங்கோடு தினமும் தகராறு செய்கிறது.”

நிற்கவைத்தே அவள்மேல் பேனாவால் வரைந்தார் டாக்டர் எச்செவெர்ரி,
வரைபடத்தில் மலைக்குப் போடுவார்களே,
அப்படி வட்டத்துக்குள் வட்டம்.
படுத்துவிட்டால் மலைகள் நழுவிவிடும்.

முதலில் உப்புநீர், மரத்துப்போகும் மருந்து கலந்து,
தோல் ஆரஞ்சுப் பழம்போல் விறைக்கும் வரை.
பிறகு கம்பி.
அது போடும் சத்தம் நமக்குக் கேட்காது.
நாய்க்குக் கேட்கலாம்.
கொழுப்புக்குக் கேட்கிறது;
ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை
விட்டுவிடுகிறது.
நரம்பும் ரத்தக்குழாயும் பெரும்பாலும் தப்பிக்கின்றன.

பெரும்பாலும்.
ஒப்புதல் படிவத்தில் நூறு தடவை படித்த சொல்.

கம்பி நிற்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.
ஓரிடத்தில் நின்றால் சூடு, சூடென்றால் தோல்.
என் வேலை கடிகாரம் பார்ப்பது,
ஈரத்துணி மாற்றுவது,
குடுவையில் ஏறும் மஞ்சளை எழுதுவது:
நானூறு.
எழுநூற்றைம்பது.

அப்போதுதான் தரை ஒருமுறை நகர்ந்தது.
இங்கே இது வாடிக்கை. விளக்கு ஆடும்,
யாராவது கன்னிமரியாளைக் கூப்பிடுவார்கள்.
டாக்டரின் கை நின்றது.
எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லை.
ஒரு மூச்சு இருக்கும்.
“டாக்டர்” என்று என் வாய் திறந்தபோது
கம்பி வெளியே வந்திருந்தது.

ஆயிரத்து முந்நூறில் முடித்தோம்.
இடப்பக்கம், நுழைவாய் ஓரம், பயறளவு சிவப்பு.
அவள் கண் விழித்ததும் டாக்டரே போய்ச் சொன்னார்.
“ஊர் முழுக்க இருக்கும்போது
என் இடுப்பில்தானா நிலநடுக்கம்?” என்று கேட்டாள்.

அன்று மாலை பதிவேட்டில் ஸ்கேல் வைத்து
புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: கை நின்ற நேரம்.
இதுவரை அதில் எழுத ஒன்றும் வரவில்லை.
இந்த ஊரில் காலியாக இருக்கவேண்டியது
அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் நீர் கட்டியது. ஊசி போட்டு இரண்டுமுறை எடுத்தோம்.
மூன்றாம் வாரம் முன்பைவிடப் பருத்து,
இறுக்குச் சட்டைக்குள் வேர்த்து வழிய
கவுன்டரில் வந்து நின்றாள்:
“பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்,
இல்லையென்றால் என் பழைய இடுப்பைக் கொடுங்கள்.”
வீக்கம் என்றோம். பொறு என்றோம்.
பொறுத்தாள் என்று சொல்லமுடியாது. திட்டிக்கொண்டே காத்திருந்தாள்.

நான்காம் மாதம் டேப் ஏழு சென்டிமீட்டர் குறைத்துச் சொன்னது.
எடை மிஷினோ அசையவில்லை,
இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல்.
பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தாள்.
கொழுப்பு போனது இடுப்பில் மட்டும்தான்.
வாயில் இருந்தது அப்படியே இருக்கிறது.

ஆனாலும் தொப்புளுக்குக் கீழே ஒரு கையகலம்
மரத்தே கிடந்தது.
“தொட்டால் பக்கத்து சீட்டுப் பெண்ணைத்
தொட்டுவிட்டதுபோல் இருக்கிறது,
மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.”
திரும்பிவிடும் என்றேன். எப்போது என்றாள்.
பெரும்பாலும், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

ஆறாம் மாதம், ஒரு செவ்வாய், போன்.
பின்னால் டெர்மினல் இரைச்சல், யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.
“சிக்னலில் நின்றிருந்தேன், வண்டி நிறையக் கூட்டம்” என்றாள்.
“அரித்தது.
பச்சை விழுந்தது தெரியாமல் சொறிந்துகொண்டிருந்தேன்.
எல்லாரும் கத்தினார்கள்.
கத்தட்டும்.”